கால் ஆடுகிற சிம்மாசனம்

லாசப்பல், பாரிஸ்
15.01.2023

அன்பு மிருணா,

பொங்கல் வாழ்த்து. பானை பொங்கியது. கூடவே கூரையில் இருந்த புகைமணியும் பொங்கி, மேல்வீட்டுக்காரி சண்டைக்கு இறங்கி வந்து, ஒரு கிண்ணம் பொங்கல் புக்கையோடு சமாதானமாகிப் போனாள். நானும் சித்தியும் சுகம். செகோவியாவில் குளிர் எப்படி, அறையில் சூடாக்கி வேலை செய்கிறதா என்று எழுது.

முதலில் ஒரு வெட்கக்கேடு. எப்படியும் யாரோ உனக்கு வீடியோ அனுப்புவார்கள். அதற்கு முதல் என் கையாலேயே வரட்டும்.

போன சனிக்கிழமை பியர்ஃபித்தில் ஒரு சாமத்திய வீடு, ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சடங்கு. மேடைச் சோடினையும் வாடகைக் கதிரைகளும் நம்முடையது. சிங்கத் தலை வைத்த அந்தப் பெரிய தங்கக் கதிரையின் பின்கால் ஒன்று கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்தது. பசை போட்டு ஒட்டிக் கொண்டுபோனேன். பிள்ளை வந்து இருக்க முதல் பாரம் தாங்குதோ என்று பார்க்க நானே ஏறி இருந்தேன். கையில் உளுந்து வடை. இருந்ததுதான் இருந்தாச்சு என்று சாய்ந்து, சிங்கத்தின் தலையில் கையை வைத்து, வடையை ஒரு கடி கடித்தேன். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் மேடைக்கு இரண்டு பக்கமும் சுவர் அளவு திரை, இரண்டிலும் நான், வாயில் வடையோடு. கமராக்காரன் தொடங்கிவிட்டான் என்று எனக்கு ஆர் சொன்னது? பதறி எழும்பினேன், கால் முறிந்தது. கதிரையின் கால். என்னுடையது அல்ல. அதற்குப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

மைக் பிடித்தவன் சும்மா இருந்தானோ? "தவரத்தினம் அண்ணைக்கு முடிசூட்டு விழா இனிதே முடிஞ்சுது, இனிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றான்.

ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போன் எடுத்தால் சித்தி பறித்துவிடுவாள். சீலை, சாப்பாடு, சம்பந்தி வீடு எல்லாம் முடிந்து என் கைக்கு வரும்போது "சரி சித்தப்பா, வைக்கட்டோ" என்பதுதான் மிச்சம். ஆவணியில் உனக்குக் கலியாணம். அதற்குப் பிறகு சஞ்சீவனும் பறிப்பான். அதற்கு முதல் நான் கொஞ்சம் கதைக்கவேணும்.

நீ ஆராய்ச்சி செய்கிற அந்த ராசா ஆர்? ஆட்கள் கேட்கினம். "ஸ்பெயின் ராசா ஒருத்தர்" என்பதற்கு மேலே எனக்கு ஒன்றும் தெரியாமல் முழிக்கிறேன்.

கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ.

சித்தப்பா


செகோவியா
04.02.2023

அன்பின் சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அதற்கு முன்னமே வீடியோவும் மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. நான் சுகம், சூடாக்கியும் சுகம். உங்கள் சீனி வருத்தம் எந்த அளவில் இருக்கிறது என்று உண்மையாக எழுதுங்கோ. வடைக்கு நான் சாட்சி.

என் ராசாவின் பெயர் நாலாம் என்றிக்கே. ஐந்நூற்றைம்பது வருடங்களுக்கு முதல் கஸ்தில் நாட்டை ஆண்டவர். உங்களுக்கு அவரைப் பிடிக்கும். அவருக்குச் சிம்மாசனம் பிடிக்காது. கம்பளத்தை விரித்து நிலத்தில் இருப்பார். ஆட்கள் கையை முத்தமிட வந்தால் கையை இழுத்துக்கொள்வார். சாதாரண உடுப்பு. காடும் மிருகங்களும் என்றால் உயிர். எதிர்த்தவர்களை மன்னித்துவிடுவார். மன்னிப்பு வாங்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த வருடம் திரும்ப எதிர்ப்பார்கள்.

உங்கள் திரைக்கதையை வாசித்ததும் எனக்கு ஆவிலா நகரம்தான் ஞாபகம் வந்தது. அங்கே பிரபுக்கள் எல்லாரும் சேர்ந்து மதிலுக்கு வெளியே ஒரு மேடை கட்டினார்கள். மேடையில் ஒரு சிம்மாசனம். அதில் ராசாவைப் போல ஒரு பொம்மை. தலையில் முடி, கையில் செங்கோல், இடுப்பில் வாள். உண்மையான ராசா வேறு ஊரில் இருந்தார். பொம்மைக்கு முன்னால் குற்றங்களை வாசித்து, ஒரு பேராயர் முடியைக் கழற்றினார். வேறொருவர் வாளை எடுத்தார், இன்னொருவர் செங்கோலை. கடைசியில் ஒருவர் தூஷணம் சொல்லி உதைத்து, பொம்மையைக் கீழே தள்ளினார். அந்த இடத்திலேயே ராசாவின் தம்பியை, சின்னப் பிள்ளையை, ராசாவாக்கினார்கள். பொம்மை விழுந்தபோது பார்த்திருந்த சனம் அழுதது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பொம்மை என்று தெரிந்தும்.

அழைப்பிதழில் அப்பாவின் பெயரை எப்படிப் போடுவது என்று சித்தி கேட்டா. உங்கள் விருப்பம், பார்த்துச் செய்யுங்கோ.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கோ.

அன்புடன்,
மிருணா


லாசப்பல்
26.02.2023

அன்பு மிருணா,

சீனி கொஞ்சம் ஏற்றம்தான். வடையில் சீனி இல்லை என்று டொக்டரிடம் வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை யேசுரட்ணத்தின் அச்சகத்தில் வாசித்துக் காட்டினேன். அழைப்பிதழ் அடிக்கிற இடமென்று பெயர்தான், லாசப்பலின் பாராளுமன்றம் அது. வந்திருந்தவர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள்.

"உவனெல்லாம் ஒரு ராசாவோ? எனக்கு முன்னாலை பொம்மை வைச்சிருந்தா அத்தினை பேரையும் வெட்டிப் போட்டிருப்பன்."

"நீயோ? உன்ரை மனிசிக்கு முன்னாலை நீ வாய் திறந்ததை ஆரும் கண்டவையோ?"

நான் ராசாவின் பக்கம். நிலத்தில் இருக்கிறவன் விழமாட்டான் என்று சொன்னேன். அன்று முதல் எனக்கு "என்றிக்" என்று பெயர். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறான்கள். பிரெஞ்சுக்காரர் திரும்பிப் பார்க்கினம், ஒரு கறுத்த என்றிக் வாறதை.

இனி அழைப்பிதழ் கதை. உன் அம்மாவின் பெயருக்கு முன்னால் "அமரர்" போடவேணும், அதில் பேச்சில்லை. மாத்தளனில் சண்டைக்குள்ளே நீயே மண் போட்டாய். அண்ணைக்கு என்ன போடுவது? 2009 வைகாசியில் வட்டுவாகலில், சரணடைய வந்தவர்களை ஆமி வரிசையில் நிற்கச் சொன்ன இடத்தில், உன் கையில் பையைத் தந்துவிட்டுப் போன மனிதன். உயிரோடு இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அமரர்" போட்டால் நாங்களே அவரைச் சாகக் கொடுத்த மாதிரி. போடாவிட்டால், தகப்பன் இருக்கிறார், மணவறையில் எங்கே என்று சனம் தேடும்.

லண்டனிலிருந்து உன் ஞானம்மா மாமி போன் எடுத்தா. "என்ரை தம்பி இராஜதுரை உயிரோடை இருக்கிறான். அமரர் எண்டு போட்டியோ, நான் கலியாணத்துக்கும் வரமாட்டன், உன்ரை செத்த வீட்டுக்கும் வரமாட்டன். அவளை உன்ரை பெறாமகள் எண்டு போடு. மகள் எண்டு போட்டா, அண்ணை இல்லை எண்டு நீயே தீர்ப்புச் சொன்ன மாதிரி."

"ஓம் அக்கா" என்றேன்.

போனை வைக்க முதல் சித்தி வந்து நிற்கிறாள். "பன்னிரண்டு வயசிலை வந்தவளுக்குத் தலை இழுத்து விட்டது நான். பேன் பாத்தது நான். காய்ச்சலுக்குப் பக்கத்திலை இருந்தது நான். அழைப்பிதழ்க் காட்டிலை என்ரை பேர் எங்கை? அடியிலை, சுற்றமும் நட்பும் எண்ட இடத்திலையோ?"

"ஓம் ஜெகதீஸ், மேலை போடுவம்" என்றேன்.

இரண்டு ஓமும் ஒரே காட்டில் எப்படி வரும் என்று யேசுரட்ணம் கேட்கிறான். எனக்கும் தெரியவில்லை. உன் ராசா இந்த மாதிரி இடத்தில் என்ன செய்வார்?

வெறும் வயிற்றோடு படிக்காதே.

சித்தப்பா


செகோவியா
19.03.2023

அன்பின் சித்தப்பாவுக்கு,

இங்கே பனி உருகித் தெருவெல்லாம் தண்ணீர். நான் நலம். சித்தியின் கை உளைவு எப்படி?

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: என் ராசாவும் ஓம் என்றுதான் சொல்வார். பிரபுக்கள் வந்து, "உங்கள் தம்பிதான் அடுத்த ராசா என்று எழுதிக் கையெழுத்து வையுங்கோ" என்றார்கள். வைத்தார். பிறகு அது பிழை என்று வேறு ஆட்கள் சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினார். முன்னால் நிற்கிறவர் கோபம் ஆறி வீட்டுக்குப் போனால் போதும் என்பது அவருடைய நினைப்பு. பயந்தவர் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் அவருடைய படை பெரிதாக இருந்த நாட்களிலும் அவர் சண்டையைத் தவிர்த்திருக்கிறார். ஆட்கள் சாவதை அவரால் பார்க்க ஏலாது. பிரச்சினை என்னவென்றால், அவர் தவிர்க்கத் தவிர்க்கச் சண்டை பெருத்தது.

அவருக்கு ஹுவானா என்று ஒரு மகள். ஒரேயொரு பிள்ளை. அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

காட் விஷயம் உங்கள் விருப்பம்தான்.

மிருணா


லாசப்பல்
10.04.2023

அன்பு மிருணா,

சித்தியின் கை பரவாயில்லை. சம்பல் இடிக்கிறாள், அதிலிருந்து தெரிகிறது. நீ மெலிந்துவிட்டாய் என்று சஞ்சீவன் சொன்னான். அவனுக்குத் தெரிகிற அளவு மெலியாதே.

சஞ்சீவனின் தகப்பன் சென் தெனியிலிருந்து வந்தார், ஐயரையும் கூட்டிக்கொண்டு. தங்கமான மனிதர், ஒரு குறையும் சொல்லமாட்டேன். "தவரத்தினம், பதினாலு வருசமாச்சு. உயிரோடை இருக்கிற தகப்பன் கலியாணத்துக்கு வரேல்லை எண்டா எங்கடை பக்கத்துச் சனம் ஒவ்வொருத்தருக்கும் நான் விளக்கம் சொல்ல வேணும். பிள்ளைக்கும் அண்டைக்கு அந்தக் கதை வேண்டாம். அமரர் எண்டு போட்டுவிட்டா எல்லாருக்கும் விளங்கும், ஒருத்தரும் கேளாயினம்" என்றார். ஐயரும் தலையை ஆட்டினார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உன்னை ஒருவரும் கேள்வி கேட்காத ஒரு நாள் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

"ஓம்" என்றேன். மூன்றாவது ஓம்.

யேசுரட்ணம் மாதிரிக்கு ஒன்று அடித்துத் தந்தான். இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து வடிவு, மயில் கொஞ்சம் கொழுத்துப் போச்சு. பார்த்து எழுது. ஞானம்மா அக்காவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல ஒரு நல்ல நாள் பார்க்கிறேன்.

கடவுள் துணை.

சித்தப்பா


லாசப்பல்
21.05.2023

அன்பு மிருணா,

நீ சுகமா? இந்த முறை இதைக் கேட்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

சித்திரையில் அனுப்பினதற்குப் பதில் இல்லை. போனில் சித்தியோடு சீலைக் கரை பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தாய். எனக்கு "ஓம் சித்தப்பா, வேலை கூட" என்றாய். வேலை கூடத்தான். ஆனால் நீ வேலை கூடின நாட்களில்தான் என்னோடு கனக்கக் கதைக்கிறனி.

தபால்காரி கதவடியில் என்னைக் கண்டாலே கையை விரித்துக் காட்டுகிறாள். நல்ல மனிசி, விளம்பரத் தாள்களையாவது வடிவாக அடுக்கித் தருகிறாள்.

இன்னொன்று. யேசுரட்ணம் தன் போனில் உன் ராசாவைத் தேடிப் பிடித்துவிட்டான். சத்தமாக வாசித்தான். வாசித்துக்கொண்டு போனவன் ஓரிடத்தில் தடக்குப்பட்டு, "இது சும்மா உவங்கள் எழுதுறது" என்று போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து நானே தேடினேன். பிள்ளை பெற ஏலாத ராசா என்று அவருக்குப் பட்டம் வைத்திருக்கிறார்கள். பிறந்த மகளையும் அவருடைய பிள்ளை இல்லை என்றிருக்கிறார்கள்.

நீ இத்தனை கதை எழுதியும் அதை மட்டும் எழுதவில்லை.

மிருணா, அந்தப் பட்டம் எனக்குப் புதிது இல்லை. உனக்குத் தெரியாமல் இருக்காது. கலியாணமாகிப் பத்து வருடம் அது என் முதுகுக்குப் பின்னாலும், சித்தியின் முகத்துக்கு முன்னாலும் வந்த பட்டம். பிறகு 2010இல் ஒரு நாள், விமான நிலையக் கதவு திறந்து, உன்னிலும் பெரிய மேல்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு நீ வந்தாய். பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு நான்தான் போனேன். அங்கே என்னை "மிருணாளினியின் அப்பா" என்று கூப்பிட்டார்கள். நான் திருத்தவில்லை, என் பிரெஞ்சு அவ்வளவுதான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அன்று முதல் இந்தத் தெருவில் அந்தப் பட்டத்தை ஒருவரும் வாயால் எடுத்ததில்லை. அதற்கு உனக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. எழுதாமல் விட்டாயே, அதற்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

கோபம் என்றால் கோபத்தை எழுது. கடிதம் வந்தால் போதும்.

சித்தப்பா


செகோவியா
30.05.2023

அன்பின் சித்தப்பாவுக்கு,

நான் சுகம். உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னியுங்கோ. வைகாசி மாதம் எனக்கு எப்போதும் அப்படித்தான், உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பட்டத்தை நான் மறந்து விடவில்லை. எழுத மனம் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய மாதிரியை நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கடையில் கோப்பி குடித்துக்கொண்டு திறந்தேன். மயிலைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அப்பாவின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் பார்த்தேன். கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி நடந்தேன். கோட்டை வரைக்கும் போய்விட்டேன் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

மாமிக்கு அப்பா உயிரோடு இருக்கிறார். சஞ்சீவனின் அப்பாவுக்கு அவர் இல்லை. நீங்கள் இருவருக்கும் ஓம் சொல்லிவிட்டீர்கள். வட்டுவாகலில் அந்தப் பையை வாங்கினது நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. "உங்கள் விருப்பம்" என்று நானும் இரண்டு தரம் எழுதினேன். கேட்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

அப்பா இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்கு யேசுரட்ணம் மாமாவின் அச்சகத்தில் ஒரு சொல் இல்லையா?

ராசாவின் கதையை முடித்துவிடுகிறேன். தம்பி செத்த பிறகு பிரபுக்கள் அவருடைய தங்கை இசபெலைக் கொண்டுவந்தார்கள். கிசாந்தோ என்ற இடத்தில் ராசா அதற்கும் ஓம் சொன்னார். ஹுவானாவுக்கு உரிமை இல்லை என்றாயிற்று. சொந்த மகளைக் கைவிட்ட தகப்பன் என்றுதான் பாடப் புத்தகம் அவரை முடிக்கும். ஆனால் இரண்டு வருடம் கழித்து, லொசோயா பள்ளத்தாக்கில், எல்லாரும் பார்க்க, அவரும் அரசியும் சத்தியம் செய்தார்கள்: இவள் எங்கள் மகள். நாடு நம்பவில்லை. உண்மை எது என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

"உன் ராசா பலவீனமானவர்தானே" என்று என் பேராசிரியை கேட்டா. ஓம் என்றேன். எல்லாவற்றிலும் மாறி மாறிப் போனவர். ஆனால் மாறி மாறிப் போனவர் திரும்பி வந்து நின்ற இடம் அந்தப் பிள்ளை. அதைத்தான் நான் எழுதப் போகிறேன் என்றேன்.

உங்களில் கோபம் இல்லை. உங்களில் கோபப்பட எனக்குத் தெரியாது.

மிருணா


லாசப்பல்
11.06.2023

அன்பு மிருணா,

உன் கடிதத்தை அச்சகத்தில் வாசிக்கவில்லை. நம் கதிரைகள் வைத்திருக்கிற ஒபர்வில்லியே டிப்போவில், சிங்கக் கதிரைக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்து வாசித்தேன். கேட்காதது பிழை. பிழைதான்.

ஞானம்மா அக்காவுக்கு எடுத்தேன். அவ பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தா. இறங்கின பிறகு கதைப்போம் என்றால் என் தைரியமும் இறங்கிவிடும் என்று அப்படியே சொல்லிவிட்டேன். "அக்கா, அமரர் போடமாட்டன்." "அப்பிடி வா வழிக்கு" என்றா. "பெறாமகள் எண்டும் போடமாட்டன். மகள் எண்டுதான் போடப்போறன்." அக்கா குரலை உயர்த்தினா. "நீ ஆரோடை கதைக்கிறாய் எண்டு தெரியுமோ?" "தெரியும் அக்கா. இல்லை அக்கா. இல்லை." வாழ்க்கையில் அவவுக்கு நான் சொன்ன முதல் இல்லை. பழக்கமில்லாத சொல், அதனால் இரண்டு தரம் வந்தது. "நான் வரேல்லை. உன்ரை இல்லையோடை நீயே இரு" என்று வைத்துவிட்டா. சீனி இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லி ஒரு லட்டு சாப்பிட்டேன். சித்திக்குச் சொல்லாதே.

சஞ்சீவனின் தகப்பனிடம் நேரே போனேன். "விளக்கம் கேட்கிற சனத்தை என்னட்டை அனுப்புங்கோ. தெரியாது எண்டு நான் சொல்லுறன்" என்றேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சொன்னேனே, தங்கமான மனிதர்.

பிறகு யேசுரட்ணம். எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்: "இராஜதுரை, அமரர் புவனலோசனி ஆகியோரின் மகளும், தவரத்தினம், ஜெகதீஸ்வரி தம்பதியினரின் மகளுமாகிய மிருணாளினி."

"என்றிக் அண்ணை, ஒரு பொம்பிளைக்கு ரெண்டு தாய் தகப்பன் போட்டு நான் அடிச்சதில்லை."

"இப்ப அடி."

"சனம் சிரிக்கும்."

"ரெண்டு திரையிலை என்னைப் பாத்துச் சிரிச்ச சனம்தானே. பழகியிருக்கும்."

அடித்துவிட்டான். மயிலையும் மெலிய வைத்திருக்கிறான். இது சரியா? இந்த முறை கேட்கிறேன். நீ ஓம் என்றால்தான் மிச்சத்தை அடிப்பான்.

சித்தப்பா


செகோவியா
09.07.2023

அன்பின் சித்தப்பாவுக்கு,

ஓம்.

இதை மட்டும் எழுதித்தான் அனுப்ப நினைத்தேன். ஆனால் முத்திரைக்கு அநியாயம்.

நான் நல்ல சுகம், நன்றாகச் சாப்பிடுகிறேன். காட்டை மேசையில் சாய்த்து வைத்திருக்கிறேன். பக்கத்து அறைப் பெண் வந்து மயிலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

ஹுவானாவின் முடிவைச் சொல்லவில்லையே. தகப்பன் செத்த பிறகு இசபெல்தான் அரசி. ஹுவானா போர்த்துக்கல்லுக்குப் போய், லிஸ்பனில் கிழவியாகிச் செத்தாள். நாடு, முடி, உறவு எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். ஆனால் எழுதின கடிதங்களில் கடைசி வரை "நான், அரசி" என்றுதான் ஒப்பம் வைத்தாளாம். சிம்மாசனத்துக்காக என்று சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அப்படி ஒப்பம் வைக்கும் ஒவ்வொரு தரமும் அவள் அந்தத் தகப்பனின் பிள்ளை.

ஒரு விஷயம் கேட்கவேணும். மணவறைக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு கதிரை வேணும். படம் வேண்டாம், மாலை வேண்டாம். கதிரை மட்டும். உங்களிடம்தான் கதிரைகள் இருக்கின்றனவே.

தாரை வார்க்கிறது நீங்களும் சித்தியும்தான். இதை நான் கேட்கவில்லை, சொல்கிறேன்.

மிருணா


லாசப்பல்
17.09.2023

அன்பு மிருணா, அன்பு சஞ்சீவன்,

இரண்டு பேரும் செகோவியாவுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்ததாகச் சித்தி சொன்னாள். கோட்டைக்கு முன்னால் எடுத்த படமும் பார்த்தேன். மாப்பிள்ளை, குளிருக்குத் தொப்பி போடுங்கோ, கலியாணம் கட்டின பிறகு மயிர் நிற்கும் என்று உறுதி இல்லை.

இங்கே வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. புகைமணி கூட அடிக்கவில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்கள் கனபேர். காட்டைக் கண்டு ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு மனிசி மட்டும் கிட்ட வந்து, "என்ரை தம்பிக்கும் இப்பிடித்தான், என்ன போடுறது எண்டு தெரியாமல் இருந்தனான்" என்று சொல்லி, ஒரு காட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனா. அவவின் பெயர் கூட எனக்குத் தெரியாது.

நீ மணவறைக்கு வர முதல் நடந்ததை நீ காணவில்லை, சொல்கிறேன். அண்ணைக்குச் சிங்கக் கதிரையைத்தான் கொண்டுவந்தேன். முறிந்த காலுக்குப் பசை போடவில்லை. புதுக் கால் கடைந்து, இரும்புத் தகடு வைத்து முடுக்கினேன். பாரம் தாங்குதோ என்று இந்த முறை இருந்து பார்க்கவில்லை. அதில் வேறு ஆள் இருக்கக்கூடாது. கையால் அழுத்திப் பார்த்தேன். ஆடவில்லை.

வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வாசலில் ஞானம்மா அக்கா. யூரோஸ்டார் ரயிலில் வந்து, கார் து நோர்த் ஸ்டேஷனிலிருந்து ஆரையோ பிடித்து மண்டபத்துக்கு வந்துவிட்டா. என்னோடு கதைக்கவில்லை. பையைத் திறந்து பெண்ணின் தகப்பன் கட்டுகிற மாதிரிச் சரிகை வைத்த பட்டு வேட்டி, சால்வை எடுத்து, அந்தக் கதிரையில் மடித்து வைத்தா. மடிப்புக் கோணல் என்று எடுத்துத் திரும்ப மடித்தா. பிறகு என்னைப் பார்த்து, "என்னடா பாக்கிறாய், போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா, ஐயர் கூப்பிடுறார்" என்றா. அவ்வளவுதான் சமாதானம். கையெழுத்து ஒன்றும் வைக்கவில்லை.

ஆவிலாவில் அவர்கள் இருக்கிற ஒருவரை இறக்குவதற்குப் பொம்மை வைத்தார்கள். நாங்கள் பொம்மை கூட வைக்கவில்லை, ஆனால் ஒருவரும் அவரை இறக்கவில்லை. அண்ணை சிம்மாசனத்தில், நானும் சித்தியும் கீழே பலகையில். உன் ராசாவுக்குப் பிடித்த இடம். முழங்கால்தான் கொஞ்சம் கத்தியது.

உன் புத்தகம் முடிந்தால் எனக்கு ஒன்று. வாசிக்க ஏலாது. அச்சகத்தில் காட்டவேணும்.

எங்களிடம் வந்ததற்கு நன்றி, பிள்ளை. இரண்டு பேரும் நல்லாயிருங்கோ.

சித்தப்பா

பி.கு.: மிருணா, இது உனக்கு மட்டும். தண்ணீர் வார்க்கும்போது ஐயர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன், அது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. கேட்காதது ஒன்று இருக்கிறது. தாரை வார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறவன் சொல்லக்கூடிய கதை இல்லை, அதனால் வாய் திறக்கவில்லை. அந்தச் சால்வையைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் சொன்னேன்: அண்ணை, நீ எப்ப வந்தாலும் கதிரை உன்ரை, நான் கீழை இருப்பன். பிள்ளையை மட்டும் திருப்பிக் கேட்டுப் போடாதை.